ஏழு கூட்டமும் ஒரு கிண்ணமும்

கடல் தாண்டி வந்து குடியேறிய மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருப்பவர் ஒரு ஹங்கேரிக்காரி. என் வயதுதான். இரண்டு வருடமாக வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம். அவர் பேசுவது என் மகனுக்கே விளங்காது. எனக்கு விளங்கும்.

எங்கள் தமிழ் முதியோர் கூட்டத்தில் மாதம் ஒரு வெளியாரைக் கூப்பிட்டுக் கதை கேட்பார்கள். போன மாதம் அவரைக் கூப்பிட்டார்கள். தன் சனத்தின் சரித்திரத்தை இந்த நாட்டில் ஒருவரும் கேட்டதில்லை என்று, நாள்தோறும் வேலியோரம் நின்று எனக்குச் சொல்லிச் சொல்லிப் பழகினார்.

அவர் பேசுவதைத் தமிழில் சொல்லப் பொறுப்பெடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். என் அடுத்த வீட்டுச் சிநேகிதி பேசத் தொடங்கியதும் ஆசிரியர் இரண்டு தரம் "பார்டன்?" என்றார். மூன்றாம் தரம் கையை விரித்தார்.

"இவ என்ன இங்கிலீஷ் கதைக்கிறா? ஒண்டும் பிடிபடேல்லை."

சிலர் சிரித்தார்கள். சிநேகிதி தான் எழுதிக்கொண்டு வந்த தாளை மடிக்கத் தொடங்கினார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அங்கே தேத்தண்ணி ஊற்றுவேனே தவிர வாய் திறந்ததில்லை. அவர் தாளை மடித்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "நான் சொல்லுறன்" என்று எழும்பிவிட்டேன்.

கிழக்கே புல்வெளிகளில் குதிரையும் மாடுமாக அலைந்த ஏழு சாதிகள் என்று தொடங்கினேன். முன்வரிசையில் ஒரு ஐயா நிமிர்ந்தார்.

"ஏழு சாதியோ? அதில எது தங்கச்சி உயர்ந்தது?"

பிழை என்னுடையதுதான். வாயில் வந்த சொல் அது. ஆனால் பதிலுக்கு நான் சிநேகிதியைக் கேட்கவேண்டியிருக்கவில்லை.

"சாதியில்லை ஐயா, கூட்டம். ஏழு தலைவர்களும் தங்கட கையை வெட்டி, ரத்தத்தை ஒரே கிண்ணத்தில விட்டு, எல்லாரும் குடிச்சுச் சத்தியம் பண்ணினவை. ஒரே கிண்ணத்தில குடிச்ச பிறகு உயர்ந்தது எது, தாழ்ந்தது எது?"

பின்னாலிருந்த சென்னை அம்மா, "அப்படிப் போடுங்கக்கா!" என்று கை தட்டினார்.

அதோடு பயம் போயிற்று. ஒருவனைக் கேடயத்தில் தூக்கித் தலைவனாக்கியதையும், மலை தாண்டிப் பெரிய ஆற்றுச் சமவெளியில் இறங்கியதையும் சொன்னேன். அங்கே ஆண்டவனுக்கு ஒரு வெள்ளைக் குதிரையைக் கொடுத்து, பதிலுக்கு மண்ணும் புல்லும் தண்ணீரும் கொஞ்சம் வாங்கிவிட்டு, இனி நாடே எங்களுடையது என்றார்களாம்.

"பச்சைக் கள்ளர்!" என்றது ஒரு குரல்.

அதை அப்படியே சிநேகிதிக்குச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஊர் ஊராய்க் கொள்ளையடித்து, தோற்று, உழுது குடியிருக்கப் பழகினார்கள்; கடைசியில் அந்தத் தலைவனின் வழியில் வந்த ஒருவன் ஞானஸ்நானம் பெற்று முதல் அரசனானான். முடியைப் பாப்பரசர் அனுப்பியதாகச் சொல்வார்களாம்.

"எங்கட பாப்பரசரோ?" என்று கத்தோலிக்கரான மன்னார் அக்கா துள்ளினார்.

"ஓம், அந்தக் காலத்துப் பாப்பரசர்."

முடிசூட்டியதைச் சொல்லும்போது சிநேகிதி தாளைப் பார்க்கவில்லை. மார்பை நிமிர்த்தி, இன்றைக்கும் தாங்கள் அதே மொழிதான் பேசுகிறோம் என்றார். நானும் நிமிர்ந்து நின்றுதான் அதைத் தமிழில் சொன்னேன்.

கை தட்டி ஓய்ந்ததும் ஆசிரியர் எழும்பி என்னிடம் வந்தார்.

"அக்கா, எனக்கு ஒரு கேள்வி இருக்கு. அவவிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோவன்."

"கேளுங்கோ மாஸ்டர்" என்றேன்.