அக்கா கல்யாணத்துக்கு வந்த பிரமுகர்

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் புதிதாகத் திறந்த புடவைக் கடை வாசலில் ஒரு பெண் என்னை ஓரம் கட்டினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அங்கிள், பிரபலம் வராங்க."

"யாரும்மா?"

"பேரு தெரியலலா. ஆனா பெரிய பிரபலம்."

எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது. அவள் கையிலிருந்த ரோஜா மாலையின் வாசம் வேறு என்னைக் கிள்ளானில் நடந்த அக்கா கல்யாணத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அந்த நாளில் பிரபலம் இவ்வளவு மலிவாகவில்லை, எல்லாம் பிரமுகர்தான். நாளிதழைப் பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் பிரமுகர்கள் கலந்துகொண்டு சிறப்பித்திருப்பார்கள். "பிரமுகர்னா யாருப்பா?" என்று லோரி ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பாவைக் கேட்டேன். "அவரு வந்தா நாம எழுந்திரிக்கணும். அவ்ளோதான்," என்றார். இதைவிடச் சரியான விளக்கம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அக்கா கல்யாணத்தில் முன்வரிசையில் சோபா போட்டிருந்தோம். சொந்தக்காரர் உட்காரக்கூடாது, அது பிரமுகருக்கு. நம் வீட்டுக்கு எந்தப் பிரமுகர் வரப்போகிறார் என்று முணுமுணுத்தேன். வந்தார் ஒருவர். பெரிய மனிதர்கள் விழாவுக்குப் போடும் முழுக்கை பாத்திக் சட்டை. யாரையும் எதுவும் கேட்காமல் நேரே போய் சோபாவில் சாய்ந்துகொண்டார். அந்தத் தோரணை ஒன்றே அறிவிப்பாளருக்குப் போதும். "சமூகப் பிரமுகர் வருகை தந்துள்ளார்" என்று மைக்கில் முழங்கி, அவரை மணமேடைக்கே அழைத்துவிட்டார். அக்காவின் அருகில் நின்ற அப்பா பதறிப்போய்ப் பொன்னாடை எடுக்க உள்ளே ஓடினார். அவர் திரும்புவதற்குள் கெட்டிமேளம் கொட்டிவிட்டது.

பிறகு சம்பந்தியைக் கேட்டால், "உங்க ஆளுன்னுல்ல நினைச்சோம்!" என்கிறார். அதற்குள் அந்த மனிதர் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, பொன்னாடையோடு கிளம்பியிருந்தார். எனக்கு வயிறெரிந்தது. அழைக்காமல் வந்த ஆள் என்பதை அப்பா மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை. "பெரிய ஆளாத்தான் இருக்கும்டா. இல்லாட்டி அப்படி வந்து உட்கார முடியுமா?" ஆனால் அன்று சாயங்காலம் முழுக்க அவர் அக்காவின் கழுத்தில் ஏறியிருந்த தாலியையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது பிரமுகர் என்றால் அன்றிலிருந்து நான் ஆளை மேலும் கீழும் பார்ப்பேன்.

அந்த மண்டபம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அப்பாவும் போய்விட்டார். பூச்சோங்கில் அக்கா வீட்டில் ஆல்பம் மட்டும் இருக்கிறது. தாலி கட்டும் படத்தில், அப்பா நிற்க வேண்டிய இடத்தில், அந்த ஆள் அட்சதை தூவிக்கொண்டு நிற்கிறார்.

தீபாவளிக்கு அக்காவின் புது மருமகள் ஆல்பத்தைப் புரட்டினாள். அந்தப் படத்தில் விரலை வைத்து, ஆசையாகக் கேட்டாள்:

"இவருதான் உங்க அப்பாவா, அத்தை?"