பூட்டிக்கொண்ட முழங்கால்

பெங்களூரில் சிமெண்டு சீக்கிரம் காயாது. எங்கள் குடியாத்தம் பக்கத்து வெயிலில் காலையில் போட்ட தரை மத்தியானத்துக்குள் இறுகிவிடும். இங்கே தூறலும் குளிர்காற்றுமாக நாள் முழுக்க ஈரமாகக் கிடக்கும். காவிப்பொடி கலந்த சிவப்புத் தரையைப் பாதியில் விட்டு எழுந்திருக்கவும் முடியாது. விட்ட இடத்தில் கோடு தெரியும். இறுகும் வரை குந்தியபடியே கரணையால் தேய்த்துத் தேய்த்துப் பின்னால் நகர வேண்டும். ஊரில் ஒரு வேளை குந்துகிறவன் இங்கே ஒரு நாள் குந்துகிறான். மல்லேஸ்வரத்து வீடுகளில் கண்ணாடி போல மின்னும் தரையைப் பார்த்து வாய் பிளப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும். குளுகுளு ஊர் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

அப்படி ஒரு தரையில்தான் குந்தியபடியே குதிகாலில் திரும்பினேன். வலது முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. விழவில்லை, அடிபடவில்லை. எழப் பார்த்தால் கால் நீளவில்லை. பாதி மடங்கியபடி பூட்டிக்கொண்டது. மேஸ்திரி ரங்கப்பா கன்னடக்காரர், கெட்டவர் அல்ல. ஆனால் அவருக்குத் தரைதான் முக்கியம். "ஏனோ, நாடகமா? தரெ காய்ஞ்சு போகுது, கூத்கோ" என்றார். உட்கார் என்கிறார். உட்கார முடிந்தால் நான் ஏன் எழுந்திருக்கப் போகிறேன்?

கூட வேலை செய்தவர்கள் தூக்கி வந்து ஸ்ரீராம்புரத்தில் என் வீட்டில் போட்டார்கள். எங்கள் சந்து முழுக்க வடஆற்காட்டு ஜனம். ஊரை விட்டு வந்தோமே தவிர, ஊர் வைத்தியத்தை விடவில்லை. தாய் வயிற்றிலிருந்து கால் முன்னால் வந்து பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விடும் என்பது எங்கள் நம்பிக்கை. அப்படிப் பிறந்தவள் சந்தில் ஒருத்திதான், கன்னியம்மா அக்கா. முனிசிபாலிட்டியில் தெருக் கூட்டுகிறவள். துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு வந்தாள்.

"இன்னாடா, பெரிய மனுசன் வூட்டுத் தரைய நக்கினு இருந்தியா? செவுத்தப் புடிச்சிக்கோ."

"மெதுவாக்கா."

"மெதுவா மிதிக்க நான் இன்னா ஒம் பொண்டாட்டியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முழங்காலின் உட்பக்கம் பாதத்தை வைத்து அழுத்தித் தேய்த்தாள். உள்ளே டக்கென்றது. கால் நீண்டுவிட்டது. அதுதான் எனக்கு வந்த கேடு. அன்றைக்குப் பூட்டு விடாமல் போயிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். வீக்கம் வற்றியதும் வேலைக்குப் போனேன். மறுபடி பூட்டியது, மறுபடி மிதித்தாள். இப்படியே ஒரு மழைக்காலம் போயிற்று. கடைசியில் அவள் மிதித்தும் பூட்டு விடவில்லை. "இது சுளுக்கு இல்லடா. எனக்குத் தெர்ல" என்று வெளிப்படையாகச் சொன்னாள். சந்தில் மற்றவர்கள், கத்தி வைத்தால் காலையே எடுத்துவிடுவார்கள் என்று தடுத்தார்கள். தடுத்தவர்களில் ஒருவர்கூட எனக்குப் பதிலாகக் குந்த வரவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் இளவயதுக்காரர், கன்னடம் கலந்த தமிழ். முழங்காலை மடக்கித் திருகிப் பார்த்துவிட்டு, "எந்த டீம்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"புட்பால் ஆடறவன் அல்வா நீ?" பந்தாடுகிறவன்தானே என்கிறார்.

"கேலி பண்றீங்களா சார்? நான் தரை போடுறவன்."

கேலி இல்லையாம். ஊன்றிய காலின் மேல் உடம்பு திரும்பும்போது வருகிற காயமாம், பந்தாடுகிறவர்களிடம் அதிகம் பார்க்கிறாராம். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை போல இரண்டு குருத்தெலும்பு மெத்தைகள் இருக்கின்றன. எனக்கு அதில் ஒன்று கிழிந்து, கிழிந்த துண்டு மூட்டுக்குள் மடிந்து சிக்கிக்கொள்கிறது, கதவிடுக்கில் துணி சிக்குவது போல. எக்ஸ்ரே எடுத்தால் எலும்புதான் தெரியும், மெத்தை தெரியாது. மிதித்தால் துண்டு ஒதுங்கும், ஆனால் ஒட்டாது. அங்கே ரத்த ஓட்டம் குறைவு. மிதிக்க மிதிக்கக் கிழிசல் நீளும். வெட்டி எடுப்பதுதான் வழி என்றார்.

"எடுத்துட்டா குந்தலாமா சார்?"

"நடக்கலாம்."

"குந்தலாமா?"

"சேர்ல கூத்கோ. குந்தறது ஏதுக்கு?"

அவர் வீட்டுத் தரையை எவன் போட்டான் என்று வாய் வரை வந்தது.

வெட்டினார்கள். கால் போகவில்லை. தொடைச் சதை சூம்பாமல் இருக்க, படுத்தபடியே காலை நீட்டித் தூக்கிப் பழகச் சொன்னார்கள். வெட்டின காலை அசைக்காதே என்றது சந்து. இந்தத் தடவை சந்து பேச்சைக் கேட்கவில்லை. அதனால்தான் இன்று கோல் இல்லாமல் நடக்கிறேன். பூட்டுவதும் நின்றது. ஆனால் முழுக்க மடங்காது. மடக்கினால் மூட்டு வீங்கும். முழங்கால் பூட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: யார் காலிலும் மருந்து கிடையாது. முதல் தடவையே டாக்டரிடம் போங்கள்.

ரங்கப்பா இரக்கப்பட்டு மல்லேஸ்வரத்தில் ஒரு பூஜை அறையைக் கொடுத்தார். சின்ன அறை, சமாளித்துவிடலாம் என்று வலது காலை நீட்டிப் போட்டு, இடது காலை மடித்து உட்கார்ந்து தேய்த்தேன். சாமி மாடத்தைப் பார்த்துத்தான் கால் நீண்டிருந்தது. வீட்டம்மா வந்தார்.

"தேவர கடெ காலு சாச்கொண்டு கூத்தித்தீயா? ஏளு, ஏளு."

சாமிப் பக்கம் காலை நீட்டுவதா, எழுந்திரு என்கிறார். "மடங்காதும்மா" என்றேன். திமிர் என்று எடுத்துக்கொண்டார். சாமிப் பக்கம் கால் நீட்டக் கூடாதென்று எனக்கும் தெரியும், எங்கள் ஊரிலும் அதே வழக்கம்தான். தழும்பைக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரங்கப்பா என்னைத் தனியே அழைத்து, "நாளெயிந்த பேடா" என்றார். நாளையிலிருந்து வேண்டாம். அதோடு என் தொழில் முடிந்தது. இப்போது ஒரு மரக்கிடங்கின் வாசலில் நின்று காவல் காக்கிறேன். நிற்க மட்டும் என்னால் முடியும்.

போன வருஷம் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். பந்தியில் என்னால் சம்மணம் போட முடியவில்லை. அண்ணன் ஒரு முக்காலியும் பெஞ்சும் கொண்டுவந்து ஓரமாகப் போட்டு அதில் இலை விரித்தான். "பெங்களூர் தொரைக்குத் தரையில உக்காந்தா பேண்ட்டு கசங்கிடும்பா" என்றான் ஒரு பங்காளி. நான் வேட்டிதான் கட்டியிருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துத் தொலைத்தேன். பரிமாறுகிறவன் குனிந்தபடியே வரிசை முழுக்கப் போய்விட்டுக் கடைசியில்தான் என் பக்கம் நிமிர்ந்தான். பந்தியில் ஒருவர் முன்னால் எழக் கூடாது, கடைசி ஆள் முடிக்கும் வரை காத்திருப்பார்கள். அன்றும் இலையை மடித்துவிட்டுக் காத்திருந்தார்கள், வரிசையின் கோடியில் மெதுவாகச் சாப்பிட்ட ஒரு கிழவருக்காக. அவர் முடித்ததும் எல்லாரும் ஒன்றாக எழுந்து கை கழுவப் போனார்கள். என் இலையில் மோர்ச் சோறு பாதி இருந்தது.