அக்காவின் பக்கத்து நாற்காலி

நான் முதல் தடவை வெளிநாட்டுக்குக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை. அக்கா கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து என் பையின் ஜிப்பை மூடப் பார்த்தாள். ஜிப் பாதியில் நின்றது. அவளுடைய வலது கட்டைவிரல் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"நான் போறேன்னு அழுகையா?" என்று கேட்டேன்.

"ஆமா. இனிமே பாத்ரூம் முழுசா எனக்குத்தான்னு ஆனந்தக் கண்ணீர்."

விரலைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஆறு வருடம் கழித்து நான் திரும்பி வந்தபோது அந்த ஆட்டம் கை முழுக்க ஏறி, வலது காலுக்கும் இறங்கியிருந்தது. அக்காவின் பக்கத்தில் இன்னொருத்தி இருந்தாள்.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா போன பிறகு எனக்குத் தலை சீவி, பள்ளிக்கு அனுப்பி, அதே கையோடு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போனவள். முன்பக்கம் கண்ணாடி அலமாரிகளும் சிரிக்கும் விற்பனையாளர்களும். பின்பக்கம் ஒரு தடுப்புக்குப் பின்னால் அக்காவின் மேசை. லென்ஸை விளிம்பு தேய்த்து ஃப்ரேமில் உட்கார வைப்பதும், எறும்புத் தலை அளவு திருகாணியை இடுக்கியால் பிடித்து முடுக்குவதும் அவள் வேலை. யாரைப் பார்த்தாலும் முதலில் காதைத்தான் பார்ப்பாள். "உங்க இடது காது ரெண்டு மில்லி கீழ இருக்கு" என்று கல்யாண மாப்பிள்ளையிடமே சொல்லியிருக்கிறாள்.

கை ஆட ஆரம்பித்ததும் திருகாணிகள் தரையில் உதிர ஆரம்பித்தன. அவற்றைத் தேடி மேசைக்கடியில் தவழ்ந்த உதவியாளப் பெண்ணுக்குக் கடையில் 'திருகாணி' என்றே பெயர் வந்துவிட்டது. முதலாளிக்குத் தெரியாமல் இரண்டு வருடம் அக்காவின் நுணுக்க வேலைகளை எல்லாம் அவளே செய்து, அக்காவின் தட்டில் வைத்தாள். அந்த இரண்டு வருடமும் நான் எங்கெங்கோ மலைகளுக்கு முன் நின்று படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கடை நேரம் போக, வீட்டிலும் அக்காவை அவளே பார்த்துக்கொண்டாள். அவளும் அக்காவை 'அக்கா' என்றுதான் கூப்பிட்டாள். 'மேடம்' என்று கூப்பிட்டால் வாயா வலிக்கும்?

அக்காவின் சட்டைப் பொத்தான்களுக்குப் பதிலாகக் காந்தம் தைத்திருந்தாள். எந்த டம்ளரில் ஊற்றினால் சிந்தாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சில சமயம் அக்கா வாசற்படி அருகே கால் ஒட்டிக்கொண்டதுபோல் அப்படியே நின்றுவிடுவாள். திருகாணி பேசாமல் போய்த் தன் பாதத்தைக் குறுக்கே வைப்பாள். அக்கா அதைத் தாண்டுவாள். தாண்டியதும் நடை வந்துவிடும். ஒருநாள் நான் என் பாதத்தை வைத்தேன்.

அக்கா குனிந்து பார்த்தாள். "எதுக்குடி என்னைத் தடுக்கி விடப் பார்க்கற?"

திருகாணி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பாதத்தை இழுத்துக்கொண்டேன்.

நடுக்குவாத மாத்திரைகளின் பலன் குறையக் குறைய, மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து மின்சாரம் கொடுக்கும் சிகிச்சையை டாக்டர் சொன்னார். கம்பி வைக்கும்போது நோயாளி விழித்திருக்க வேண்டும். கை ஆடிக்கொண்டிருக்க வேண்டும். கம்பி சரியான இடத்தைத் தொட்டதும் ஆட்டம் நிற்கும், இடம் அகப்பட்டது என்று அர்த்தம். அந்த நேரம் முழுதும் பேச்சுக் கொடுக்க, நோயாளிக்குப் பழகிய ஒருவர் திரைக்கு இப்பால் நாற்காலி போட்டு உட்காரலாம் என்பது அந்த மருத்துவமனையின் வழக்கம். ஒருவர்தான்.

அந்த நாற்காலி எனக்குத்தான் என்று நினைத்தேன். நான் உடன்பிறந்தவள். அக்கா படிவத்தில் திருகாணியின் பெயரைச் சொன்னாள்.

"நான் எதுக்கு இருக்கேன்?"

"நீ நல்லாத்தான் பேசுவ. ஆனா நடுவுல எழுந்து போயிடுவ" என்றாள் அக்கா. கோபமே இல்லாமல் சொன்னாள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மாலை திருகாணியை நானே அவள் வீட்டுக்கு அனுப்பினேன். "இன்னைக்கு ஒரு நாளாவது நான் பாத்துக்கறேன்."

அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "காலைல அந்த மாத்திரை..." என்று ஆரம்பித்தாள்.

"எல்லாம் எனக்குத் தெரியும்மா" என்று கதவைச் சாத்தினேன்.

அக்காவுக்கு விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு மாத்திரை. கட்டிலில் புரண்டு படுக்கக்கூட முடியாமல் உடம்பு மரக்கட்டையாக இருக்கும். அரைத் தூக்கத்திலேயே வாயைத் திறப்பாள், விழுங்குவாள், அது வேலை செய்யும்வரை மறுபடி தூங்குவாள். அன்று ஐந்து மணிக்கு மாத்திரை டப்பா மேசையில் இல்லை. தேடியதில், துணி அலமாரியின் மேல்தட்டில் துண்டுகளுக்குப் பின்னால் இருந்தது. என் அக்காவின் மருந்தை என்னிடமிருந்தே ஒளித்து வைக்கிறாளா இவள்? மாத்திரையை எடுத்து அக்காவின் நாக்கில் வைத்தேன். கண்ணைத் திறக்காமலே விழுங்கினாள். அந்த வேலையை நானே செய்ததில் எனக்கு ஒரு திருப்திகூட வந்தது.

எட்டு மணிக்கு மருத்துவமனையில் டாக்டர், "கையை நீட்டுங்க" என்றார்.

அக்கா நீட்டினாள். பழைய நாட்களில் இடுக்கி பிடித்த அதே கை. துளி அசைவு இல்லை.

"மாத்திரை போட்டீங்களா?"

"நேத்து சாயந்திரத்தோட நிறுத்தியாச்சே டாக்டர்" என்றாள் அக்கா.

திருகாணி என்னைப் பார்த்தாள். பச்சை அங்கியும் தொப்பியும் போட்டு, நாற்காலிக்குத் தயாராக நின்றிருந்தாள்.

"நான் கொடுத்தேன்" என்றேன்.

"ஆடாத கையை வெச்சுக்கிட்டு நான் எதைம்மா தேடறது?" என்றார் டாக்டர். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. கம்பி வைக்கும் குழு வேறு ஊரிலிருந்து வருவது. அடுத்த தேதி ஐந்து மாதம் கழித்துத்தான் கிடைத்தது.

"நிறுத்தணும்னு எனக்கும் தெரியும். தூக்கத்துல முழுங்கிட்டேன். பழக்கம்" என்று காரில் அக்கா சொன்னாள். எனக்காகத்தான் சொன்னாள். முன் சீட்டில் திருகாணி அங்கியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அந்தப் பொறுமையைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன்.

பத்தாம் நாள் மறுபடி பையைத் தூக்கினேன். அக்கா போகாதே என்று சொல்லவில்லை. நான் எழுந்து போவேன் என்று முன்பே சொன்னவள் அவள். சொன்னது சரியாகப் போனதில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. வாசல்வரை வந்தாள். அங்கே நின்றுவிட்டாள், கால் வரவில்லை. திருகாணி உள்ளேயிருந்து வந்து பாதத்தை வைத்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

போன இடத்தில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை. ஆபரேஷன் தேதி வந்தது, போனது. நான் போன் செய்யவில்லை. எந்தக் குரல் எடுக்கும் என்று தெரியும். ஏழு மாதம் கழித்து ஒரு மதியம் அக்காவிடமிருந்து செய்தி வந்தது.

"நானே டைப் பண்றேன். கை நிக்குது. உள்ள அவதான் உக்காந்திருந்தா. பேச்சு குழறுதான்னு பாக்கணும், எதையாவது பேசிட்டே இருங்கன்னாங்க. என்ன பேசறதுன்னு தெரியல, உன்னைத் திட்ட ஆரம்பிச்சேன். முக்கால் மணி நேரம். டாக்டர் போதும்னு சொல்லியும் நிறுத்தல. வெளிய வந்ததுல இருந்து இவ மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கா. தன்னப் பத்தி நான் ஒரு வார்த்தைகூட சொல்லலையாம்."