ஆஹுய்யின் 'பியா'

தைனான் மீன்சந்தைக்குப் பின்னால் பால்கெண்டைக் கஞ்சி விற்ற ஆஹுய்க்கு, போன வருடப் புயலுக்குப் பிறகு ஒரு பழக்கம் வந்திருந்தது. கரண்டியை எடுக்கும் முன் இடது கை முஷ்டியை விலாவுக்குக் கீழே அழுத்தி, ஒரு மூச்சு நேரம் நிற்பார். பிறகுதான் கஞ்சி கிண்ணத்தில் விழும். மனைவி ஆலியன் அதை அவருடைய 'பியா' என்பாள். ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டிருக்கும் கோணல் பழக்கத்துக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். சாப்பிட வருபவர்களும் விலாவில் முஷ்டியை வைத்துக்கொண்டு, "முதலாளி, ஒரு கிண்ணம்" என்பார்கள். ஆஹுயும் சிரிப்பார்.

புத்தாண்டு விடுமுறை முடிந்த வாரம், கூட்டம் தெருவரை நின்றது. அவர் மறுபடி நின்றுவிட்டார். ஆலியன் அவர் கையில் பட்டென்று அடித்தாள்.

"யோவ், கைய எடு. சீக்காளி காய்ச்சுன கஞ்சின்னு எல்லாரும் ஓடிருவாங்க."

"பழகிப்போச்சு ஆலியன்."

"பழகுனத விடு."

அன்றிலிருந்து கையை ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டார். பைக்குள் முஷ்டி இறுகியே இருந்தது. வீம்பு என்று ஆலியன் நினைத்தாள்.

வெயில் காலத்தில் சளிக்கு மருந்து வாங்கப் போனபோது, மூலிகைக் கடை லிம் அம்மாவிடம் இதைச் சொல்லிச் சிரித்தாள்.

லிம் அம்மா பொட்டலம் மடித்துக்கொண்டே சொன்னாள். "பியாங்கற சீன எழுத்த எழுதிப் பாரு. நோய்ங்கற எழுத்துக்குள்ளதான் உக்காந்திருக்கு. எங்க பழைய மருத்துவ ஏட்டுல பியான்னா விலாவோரம் தட்டுப்படுற கட்டி. பழக்கம்ங்கற அர்த்தம் பிற்பாடு வந்ததுதான்."

நல்ல வேடிக்கை என்று ஆலியன் கடைக்கு வந்து எல்லோர் முன்னும் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்ப எனக்கும் கட்டிதான் போல" என்றார் ஆஹுய்.

"வாயக் கழுவு. அஞ்சாம் மேசைக்கு ரெண்டு கிண்ணம்."

செப்டம்பரில் அவர் அடுப்படியிலேயே சரிந்தார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், கட்டி பரவிவிட்டது என்றார்.

"எப்பலேர்ந்து வலி?"

ஆலியன் வாய் திறப்பதற்குள் ஆஹுய் முந்திக்கொண்டார். "ரெண்டு மாசமாத்தான் டாக்டர். அதுக்கு முன்ன ஒண்ணுமில்ல."

டாக்டர் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் ஆலியன் கேட்டாள்: "ஏன் அப்பிடிச் சொன்ன?"

"சொல்லி இனி என்ன ஆவப்போவுது. நீ போயி கடையப் பாரு."

பதினொரு வாரத்தில் போய்விட்டார்.

தைபேயிலிருந்து வந்த மகள் மீஹோங், சவப்பெட்டியின் அருகே கேட்டாள்: "அம்மா, அப்பா உங்கிட்டகூட வலிக்குதுன்னு காட்டிக்கவே இல்லியா?"

"இல்ல" என்றாள் ஆலியன்.

"அப்ப உம்மேல என்னம்மா தப்பு" என்று மகள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆலியன் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றாள். விலாவில் இருந்த அவர் கையைத் தட்டிவிட்டதை மகளிடம் சொல்லவில்லை.

கடையை அவள் திறக்கவே இல்லை. பானைகளைக் கேட்டு வந்தவர்களிடம் விலை பேசாமல் எடுத்துப் போகச் சொன்னாள்.