ஹயர் காருக்கு ரேஸ் ஸ்பிரிங்

1. மாரிமுத்து கேட்டது

எனக்கு எழுத்து வராது. நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள். என் கராஜுக்கு வேலை பழக வருகிற பிள்ளைகள் வாசித்தால் போதும்.

மாரிமுத்து ஒருநாள் காலையில் கராஜுக்குள் வந்து, காரைப் பற்றி ஒன்றும் பேசாமல் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றான். மேலே கூரை மரத்தில் இரண்டு காயில் ஸ்பிரிங், சுருள் கம்பி, தொங்கின.

"பாஸ் அண்ணே, அந்த ரெண்டையும் எனக்கு மாட்டித் தாங்க."

"அது என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

"ரேஸ் கார்ல இருந்தது. மெத்த மாதிரி இருக்குமாம்."

மாரிமுத்து யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு ரப்பர் தோட்டத்து ஆள். ஹயர் கார், வாடகைக்குத்தான், ஓட்டினான். பழைய இங்கிலீஷ் கார். முன்னுக்குக் காயில், பின்னுக்குப் பட்டை ஸ்பிரிங். அவனுடைய மனைவி புஷ்பம் ரப்பர் வெட்டப் போன இடத்தில் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் உள்ளே பிளேட் வைத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் கிழமைக்குக் கிழமை கீழே கிளினிக்குக்குப் போய்க் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி எடுக்க வேண்டும். விட்டால் கால் அப்படியே விறைத்துவிடும், பிறகு நடையே இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தோட்டத்து ரோட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் அடுக்கிய கல்லுக்கு மேலே அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் போடவில்லை. போன கிழமை பாதி வழியில் புஷ்பம், "காரைத் திருப்புங்க, கால் போனாப் போகுது, என்னால ஏலாது" என்று அழுதிருக்கிறாள். இவனும் திருப்பிவிட்டான். அடுத்த கிழமையும் போகாவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில்தான் என்னிடம் வந்து நின்றான்.

2. அந்த ஸ்பிரிங் எதற்கு

அந்த ஸ்பிரிங் டவுனில் இருந்த ரப்பர் முதலாளியின் மகனுடையது; என் கராஜில் போட்டு வைத்திருந்தார். பொடி மாத்தையா, சின்ன ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். அவரிடமும் அதே ஜாதிக் கார் ஒன்று இருந்தது. அதற்குள் பெரிய இஞ்சினை இறக்கி, பழைய விமான ஓடுபாதையில் நேராக விரட்டுகிற ரேஸுக்குக் கொண்டுபோவார். சத்தம் எங்கள் கடைத்தெரு முழுக்கக் கேட்கும். பக்கத்துச் சலூன்காரர், "பொடி மாத்தையா வர்றாரு, கத்தி கழுத்துல இருக்கு, நகராத" என்று கிராக்கியிடம் சொல்லுவார். சொல்ல வந்தது அதில்லை.

அந்த ரேஸில் கார் கிளம்பும்போது மூக்கு மேலே எழும்ப வேண்டும். எழும்பினால் பாரம் பின் சக்கரத்தில் உட்காரும். சக்கரம் சும்மா சுற்றாமல் ரோட்டைப் பிடிக்கும். அதற்காக முன் ஸ்பிரிங்கை மெல்லிய கம்பியில், நீளமாகச் செய்வார்கள். அமுக்கி மாட்டினால் எப்போது எழும்பலாம் என்று காத்துக்கொண்டிருக்கும். நேர் ரோட்டுக்கு அது சரி. பிரேக் பிடித்தால் மூக்கு குப்புற விழும். வளைவில் திருப்பினால் கார் ஒரு பக்கமாகச் சாயும்.

மாரிமுத்துவிடம் இதையெல்லாம் சொன்னேன்.

"நேராப் போற வண்டிக்கு உள்ளது இது. ஒங்க ரோட்டுல நேரா எங்கடா இருக்கு?"

"மேட்டுல பள்ளிக்கூட மைதானம் இருக்கே."

"அப்ப புஷ்பம் தங்கச்சிய மைதானத்துலயே சுத்திக்காட்டு."

சிரித்தான். பிறகு, "அண்ணே, அவ அழுறத ஒரு தடவ கேட்டுப் பாருங்க" என்றான். ஆனாலும் மாட்டித் தர ஏலாது என்று அனுப்பிவிட்டேன்.

அவன் நேரே பொடி மாத்தையாவிடம் போய்விட்டான். அவர் இளகிய மனசுக்காரர். வந்து, "பாவம் பாஸ், எடுத்துட்டுப் போகட்டும்" என்றார். பொருள் அவருடையது, நான் என்ன சொல்ல. தோட்டத்து லொறி டிரைவரை வைத்து அவர்களே மாட்டிவிட்டார்கள்.

3. கைப்பிடி

அடுத்த கிழமை கார் வந்தது. முன்பக்கம் தவளை மாதிரி நிமிர்ந்து நின்றது. மாரிமுத்துவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"கல்லே தெரியல அண்ணே. கண்ண மூடித் தூங்கிட்டே வந்தா."

புஷ்பம் பின் சீட்டில் இருந்தாள். சிரித்துத் தலையாட்டினாள். நான் பிரேக்கைச் சரிபார்த்து, நட்டுகளை இறுக்கி, "எறக்கத்துல செகண்ட் கியரை விட்டு எடுக்காத" என்று சொல்லி அனுப்பினேன். கழற்று என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் கிளினிக்குக்குப் போகிறாள் அல்லவா.

கொஞ்ச நாளில் ஒரு சின்ன வேலையோடு வந்தான். பின் கதவுக்கு மேலே இருக்கிற கைப்பிடி வார் ஸ்குரூவோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பெரிய ஸ்குரூவாகப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த கிளினிக் முடிந்து திரும்பும்போது அதுவும் தகரத்தோடு கிழிந்து வந்திருந்தது.

கையில் வாரை வைத்துக்கொண்டு யோசித்தேன். தூங்குகிற ஆள் இதை எப்படிப் பிடுங்கும்?

மாரிமுத்துவைக் கடைக்கு ஸ்குரூ வாங்க அனுப்பிவிட்டுக் கார் ஜன்னல் பக்கம் போனேன்.

"தங்கச்சி, நோகுதா?"

அவள் கடைப்பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கல்லுல விழுந்தா நறுக்குன்னு ஒரு குத்து, அதோட போயிரும். இது வளைவுக்கு வளைவு ஆளத் தள்ளுது அண்ணே. விழாம இருக்க இடுப்ப இறுக்கிப் பிடிக்கணும். அந்த எடத்தப் போட்டுத் திருகுது. கீழ போய்ச் சேர்றப்ப காலத் தூக்கவே ஏலல, எக்சர்சைஸ் பாதியோட நிப்பாட்டிர்றாங்க."

"அப்ப தூங்குனது?"

"கண்ண மூடிப் பல்லக் கடிச்சிட்டு இருந்தேன். அண்ணே, அவருகிட்ட சொல்லிராதீங்க. இந்தக் கம்பிய வாங்க அவரு பட்ட பாடு எனக்குத் தெரியும். சந்தோசமா ஓட்டுறாரு. அடுத்த மாசத்தோட கிளினிக்க விட்டுர்றேன், கால் சொகமாயிருச்சுன்னு சொல்லிக்கிறேன்."

காலைக் காப்பாற்றப் போட்ட ஸ்பிரிங்தான் காலைக் கெடுக்கப் பார்த்தது. சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். சொல்லாமலும் விட ஏலாது.

மாரிமுத்து வந்ததும், "கார்ல ஒரு சத்தம் கேக்குது, நான் ஓட்டிப் பாக்குறேன். நீ பின்னுக்கு ஏறு" என்றேன். புஷ்பத்தைக் கைத்தாங்கலாக இறக்கிக் கராஜ் வாங்குப் பலகையில் உட்கார வைத்தோம்.

"பின்னுக்கு எதுக்கு அண்ணே, முன்னுக்கு உக்காந்துக்கிறேன்."

"சத்தம் பின்னுக்குத்தான் கேக்குது. தங்கச்சி உக்கார்ற எடத்துல உக்காரு."

ரப்பர் தோட்டத்துக்குள் ஏறி இறங்குகிற வளைவு ரோட்டில் விட்டேன். வேகமாக இல்லை, அவன் ஓட்டுகிற வேகம்தான். முதல் வளைவில் கதவோடு போய் இடித்தான். அடுத்ததில் மற்றப் பக்கம். இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டதும் என் சீட்டில் வந்து மோதினான். அதற்கடுத்த வளைவில் கண்ணாடியில் பார்த்தேன். வார் இல்லாத இடத்தைக் கை தேடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச தூரம் போய், "திருப்புங்க அண்ணே" என்றான்.

கராஜில் இறங்கி வாங்குக்கு முன்னால் குந்தினான்.

"ஏன்டி சொல்லல?"

"தூங்குறேன்னு நீங்களே சொல்லிட்டீங்க. கேக்கலியே."

அவன் எழும்பி, ஜாக்கை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டான். சட்டையைக் கழற்றிவிட்டு அவனே படுத்து ஸ்பிரிங்கைக் கழற்றினான். நான் பக்கத்தில் இருந்து நட்டுக் கழற்றுகிற சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

4. பிறகு

அவனுடைய பழைய ஸ்பிரிங்கையே திருப்பி மாட்டி, சொக் அப்சோபர் மட்டும் நல்லதாகப் போட்டோம். சீட்டில்தான் நிறைய வேலை செய்தேன். ரப்பர் மெத்தை ஒன்றை வெட்டி, நோகிற இடம் படாமல் குழி எடுத்தேன். ஆள் நகராமல் இரண்டு பக்கமும் இலவம் பஞ்சுத் தலையணை. லொறி டியூப்பைக் கிழித்து இடுப்புக்கு ஒரு வார்.

கல்லில் நோகத்தான் செய்தது. அதற்கு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெரிய கல் வருமுன்னே மாரிமுத்து "கல்லு" என்பான். அவள் வாரைப் பிடித்துக்கொண்டதும் பின்னாலிருந்து "ம், போடுங்க" என்று குரல் வரும். பிறகுதான் சக்கரத்தை விடுவான். ஒருமுறை நானும் கூடப் போனேன். வேறு பேச்சே இல்லை. கல்லு, போடுங்க, கல்லு, போடுங்க என்று மலையை இறங்கி முடித்தார்கள்.

கிளினிக்கை விடாமல் போய், புஷ்பம் கம்பு ஊன்றி நடந்தாள். ரப்பர் வெட்டப் போக முடியவில்லை. தோட்டத்துச் சிறுபிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் வேலை கொடுத்தார்கள்.

பிள்ளைகளே, ஸ்பிரிங் எது நல்லது எது கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அது போகிற ரோட்டைப் பொறுத்தது. ஆனால் வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டால் டிரைவர் மட்டும்தான் பதில் சொல்லுவார். அவர் கையில் ஸ்டியரிங் இருக்கிறது, பிடித்துக்கொள்கிறார். அன்றிலிருந்து ஹயர் வண்டி எது வந்தாலும் நான் முதலில் பின் கதவைத் திறந்து, உள்ளே இருக்கிற ஆளிடம்தான் கேட்பேன்.