சாயங்காலத்து நடை

எனக்கு இடது கால் சரியில்லை. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். இதைச் சுற்றிவளைத்துச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ‘பாப்பா கொஞ்சம் மெதுவா நடக்கும்’ என்று அத்தைமார்கள் சொல்வார்கள். மெதுவாக நடக்கிறவள் வேறு, நான் வேறு. என் இடது கால் வலது காலைவிடக் குட்டை. ஆடுசதையில் சதை பிடிக்கவில்லை. பாதம் உள்பக்கம் திரும்பியிருக்கும். விஷயம் இவ்வளவுதான்.

ஐந்தாம் வகுப்பு வரைக்கும் நைனாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனேன். நைனா செஞ்சி கமிட்டியில், அதாவது அரசாங்க நெல் மண்டியில், மூட்டை தூக்குகிறவர். என்னையும் ஒரு மூட்டை மாதிரி ஒரே தூக்கில் கேரியரில் வைப்பார், ஒரே தூக்கில் இறக்குவார். அந்தப் பள்ளி வீட்டுக்குப் பக்கம். ஆறாம் வகுப்புக்குப் பெண்கள் பள்ளிக்குப் போகவேண்டும். எங்கள் வீடு கோட்டைக்குப் போகிற ரோட்டில், அந்தப் பள்ளி ஊரின் மறுகோடியில். நெல் வருகிற காலத்தில் நைனா விடிவதற்கு முன்பே கமிட்டிக்குப் போய்விடுவார். என்னைக் கொண்டுபோய் விட ஆள் இல்லை. ஒரு வருஷம் வீட்டில் இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு அக்கா அப்படி ‘அப்புறம்’ என்று உட்கார்ந்தவள்தான். நான் பார்த்தவரை அவள் எழுந்திருக்கவே இல்லை.

இதற்கு ஒரே வழி, கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. ஆனால் அதற்கு அடையாள அட்டை வேண்டும். அட்டை வேண்டுமென்றால் டாக்டர் பார்த்து, ஊனம் நூற்றுக்கு நாற்பதாவது இருக்கிறது என்று எழுதவேண்டும். முப்பத்தொன்பது என்றால் கிடையாது. நாற்பது இருந்தால் நீ ஊனம், ஒன்று குறைந்தால் நீ சோம்பேறி. இந்தக் கணக்கைப் போட்ட ஆள் கையில் கிடைத்தால் இன்றைக்கும் நாலு வார்த்தை கேட்பேன்.

செஞ்சியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அனந்தபுரத்திலிருந்து மாமா வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. மாட்டுத் தரகர். நொண்டுகிற மாட்டை நொண்டாத மாடாகக் காட்டி விற்பதில் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை என்று அவரே சொல்வார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வித்தையைத் தலைகீழாகச் செய்யவேண்டி வந்தது.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சமயத்தில் நான் நன்றாக நடக்கத் தொடங்கியிருந்தேன். அதற்குக் காரணமும் அரசாங்கம்தான். சனிக்கிழமை தோறும் வட்டார வள மையத்தில் என் மாதிரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கும். எக்சர்சைஸ் மேடம் ஒருவர் இருந்தார். முதலில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு நடக்கவைத்தார். அப்புறம் கம்பியை விடச் சொன்னார். அவர் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு இரண்டு கையையும் விரிப்பார். காலைப் பார்க்காதே, என்னைப் பார் என்பார். குதிகால் முதலில், விரல் அப்புறம். கதவுவரை விழாமல் போய்ச் சேர்ந்த அன்று மேடம் என்னைத் தூக்கிச் சுற்றினார். ஒரு அரசாங்க ஆபீஸ் என்னை நடக்கவைக்கப் பாடுபட்டது. இன்னொரு அரசாங்க ஆபீஸ், நடந்தால் வண்டி கிடையாது என்றது. இரண்டும் ஒரே தெருவில்தான் இருந்தன.

மாமா என்னை வாசலில் நிறுத்தி ஒத்திகை பார்த்தார். காலை இழு, இடுப்பைச் சாய், நடுவில் ஒருமுறை விழு என்றார். பொய் எதற்கு என்று அம்மா முறைத்தாள். நாளெல்லாம் நடந்து களைத்தால் சாயங்காலத்தில் நான் அப்படித்தான் இழுத்து இழுத்து நடப்பேன், அதைச் சொன்னாலே போதும் என்றாள்.

“டாக்டரு சாயங்காலமா வர்றாரு? காத்தாலதான வர்றாரு? சாயங்காலத்து நடைய காத்தாலயே நடந்து காட்டச் சொல்றேன். இதுல இன்னா பொய் கீது?” என்றார் மாமா.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். அது பொய்யா இல்லையா என்று இன்றுவரை எனக்கும் தெரியவில்லை.

முகாமுக்குப் போகிற அன்று அம்மா எனக்குப் புதுப் பாவாடை கட்டி, கொலுசும் போட்டுவிட்டாள். இடது கால் மெலிசு என்பதால் அந்தக் கொலுசு தளர்ந்து தொங்கும். கொலுசு போட்டுக்கொண்டு போனால் டாக்டர் எப்படி இரக்கப்படுவார், கழற்று என்று மாமா கத்தினார். அம்மா கழற்றவில்லை.

வரிசையில் எங்களுக்கு முன்னால் சீயமங்கலத்திலிருந்து ஒரு அம்மா தன் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். தலை நிற்காமல் அம்மாவின் தோளில் சாய்ந்தே கிடந்தது. பேச்சு இல்லை. அவ்வளவு பெரிய பெண்ணை இடுப்பில் சுமக்கிறார்களே, இறக்கிவிட்டால் என்ன என்று நான் நினைத்தேன்.

வரிசை நகரவில்லை. மாமாவுக்கு நான் பாடத்தை மறந்துவிடுவேன் என்று பயம். கடைசியாக ஒருமுறை அவரே காலை இழுத்து, இடுப்பைச் சாய்த்து, நடந்து காட்டினார். பிரமாதமாக நடந்தார். அதைப் பார்த்த முகாம் ஊழியர் ஒருவர் பதறிப்போய்ச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். இந்தக் காலை வைத்துக்கொண்டு ஏன் நிற்கிறீர்கள், உட்காருங்கள் என்று மாமாவை அழுத்தி உட்காரவைத்தார். உண்மையைச் சொன்னால் எல்லாம் கெட்டுவிடும். மாமா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது.

சீயமங்கலத்துப் பெண்ணை உள்ளே தூக்கிக்கொண்டு போய், வெளியே தூக்கிக்கொண்டு வந்தார்கள். எவ்வளவு போட்டார்கள் என்று யாரோ கேட்டதற்கு, தொண்ணூறு என்று அவள் அம்மா சொல்லிவிட்டுப் போனாள். அடுத்தது நாங்கள்.

அறையின் இந்தப் பக்கம் டாக்டர் மேசை. அந்தப் பக்கம் ஒரு கதவு. எங்கே, அந்தக் கதவுவரைக்கும் நடந்து காட்டு என்றார் டாக்டர். நான் திரும்பினேன். கதவுக்குப் பக்கத்தில் எக்சர்சைஸ் மேடம் நின்றுகொண்டிருந்தார். முகாம் வேலைக்கு அவரையும் போட்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் விரித்துவிட்டார்.

மாமா சொன்னது மறந்துபோனது என்று சொன்னால் அது பொய். எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் மேடத்தின் முன்னால் கேவலமாக நடக்க எனக்கு மனசு வரவில்லை. குதிகால், விரல். குதிகால், விரல். கொலுசு சத்தம் போட, பிறந்ததிலிருந்து ஒருநாளும் நடக்காத அளவுக்கு நன்றாக நடந்தேன்.

“அடிப்பாவி!”

வாசலில் நாற்காலியில் இருந்த மாமா எழுந்து இரண்டே எட்டில் உள்ளே வந்து நின்றார். நின்ற பிறகுதான் அவருக்குத் தான் நிற்பது உறைத்தது. டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். நாற்காலியைத் தள்ளிவந்த ஊழியரும் பார்த்தார்.

“நல்ல முகாம்தான். காலையிலேயே ரெண்டு பேர் எழுந்து நடந்துட்டாங்க” என்றார் டாக்டர்.

மாமா தலையைக் குனிந்துகொண்டு, வண்டி இல்லை என்றால் பிள்ளை படிப்பு நின்றுபோகும் சார் என்றார். மாடு விற்கிற குரலே இல்லை அது. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

டாக்டர் என்னை மேசைமேல் படுக்கவைத்தார். டேப் வைத்து இரண்டு காலையும் அளந்தார். முட்டியை மடக்கினார், பாதத்தைத் திருப்பிப் பார்த்தார், ஆடுசதையை அழுத்தினார். எழுந்து உட்கார் என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் திரும்பினார்.

“நடக்கறது பொண்ணோட சாமர்த்தியம்மா. அதுக்காக கால் வளந்துடுமா? அம்பது போட்டிருக்கேன், போங்க.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா கும்பிட்டார். எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்படி நடந்ததற்கு அம்பது மார்க்தானா? கணக்குப் பாடத்தில்கூட நான் எண்பதுக்குக் குறைந்ததில்லை.

வண்டி வர மாசக்கணக்கில் ஆயிற்று, ஆனாலும் பள்ளி திறப்பதற்குள் வந்துவிட்டது. ஆறாம் வகுப்புக்குப் போனேன். கேட் வரைக்கும் வண்டி, கேட்டுக்கு உள்ளே நடை. பன்னிரண்டாவது வரை அப்படித்தான். சாயங்காலங்களில் நைனா கமிட்டி வாசலில் நிற்பார், மீதித் தூரம் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருவார். நான் படித்தேன், வேலைக்குப் போகிறேன், என் சாப்பாட்டை நான் சம்பாதிக்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மாதிரி நடந்ததற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை.

அன்று முகாமை விட்டு வெளியே வந்தபோது சீயமங்கலத்து அம்மா வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பெண் மடியில் கிடந்தது. நான் ஆத்திரத்தோடு, வராந்தா முழுக்கக் கேட்கும்படி அம்மாவிடம் கேட்டேன்.

“அந்தப் பொண்ணு நடக்கவே இல்ல. அதுக்குத் தொண்ணூறு, எனக்கு மட்டும் அம்பதா?”

அம்மா என் வாயைப் பொத்தினாள். மாமா, வாங்க வாங்க, பஸ் போய்விடும் என்று எங்களை இழுத்தார். எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸே கிடையாது. அந்த அம்மா மட்டும் கோபப்படவில்லை. பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“இன்னொரு தபா நடந்து காட்டு கண்ணு. எம் பொண்ணு பாக்கட்டும்.”

நான் பெருமையாக வராந்தாவின் கோடிவரை போய்த் திரும்பி வந்தேன். மார்க் வாங்குவதென்றால் எப்படி நடக்கவேண்டும் என்று அந்தப் பெண்ணும் தெரிந்துகொள்ளட்டும் என்றிருந்தது. அது கண்ணால் என்னைத் தொடர்ந்து பார்த்து, வாயைத் திறந்து சிரித்தது. இன்னொரு தபா என்றாள் அவள் அம்மா. மறுபடி நடந்தேன். பெண் பார்க்கட்டும் என்று சொன்னவள், பெண் பார்க்கிறதா என்று ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொலுசைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து, அது இன்னும் சத்தம் போடட்டும் என்று நான் குதிகாலை நன்றாக அழுத்தி வைத்து நடந்தேன்.