கெபிக்குள் இருந்த வால்வு

பிப்ரவரி பதினொன்று, செவ்வாய்க்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். ஏழரைக்கு அலுவலகத்தில் வாயு கண்டறியும் கருவியைச் சோதித்து, சோப்புத் தண்ணீர் புட்டியை நிரப்பி, ஒன்பது வீடுகளின் பட்டியலைப் பையில் வைத்தேன். வீடுகளுக்குக் குழாயில் வரும் எரிவாயு இணைப்புகளைப் பார்த்துப் பாதுகாப்புச் சான்றில் கையெழுத்திடுவது என் வேலை.

நான்கரைக்கு ஒன்பதாவது வீட்டை முடித்து மாடிப்படியில் இறங்கும்போது, மதிலுக்கு அப்பால் அடுத்த வீட்டு முற்றம் தெரிந்தது. சுவரை ஒட்டி நீல ஓடு பதித்த மாதா கெபி, மாதா சிலை வைத்த சின்னக் குகைக்கோயில். கண்ணாடிக் கதவுக்குள் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. கெபியின் உச்சியிலிருந்து எங்கள் குழாய் வெளியே வந்து மீட்டருக்குப் போனது. அப்படியானால் அதன் இணைப்பும், அவசரத்துக்கு வாயுவை நிறுத்தும் வால்வும் சுடருக்குப் பின்னால் இருக்கின்றன.

அந்த வீட்டை எனக்குத் தெரியும். நவம்பரில் நான் வந்தபோது வெளிக்கதவு பூட்டியிருந்தது. கோப்பில் இருந்த படத்தில் வால்வு தெளிவாகத் தெரிந்ததால், 'வால்வு கைக்கு எட்டும் நிலையில் உள்ளது' என்ற வரியில் டிக் போட்டேன். படம் எப்போது எடுத்தது என்று பார்க்கவில்லை.

ஓடிப்போய் அந்த வீட்டைத் தட்டினேன். கதவைத் திறந்த பெண்ணிடம், "தங்கச்சி, அந்தத் திரிய உடனே அணைச்சிருங்க" என்றேன்.

"அணைக்கவா? வீட்டுக்காரக கப்பல்ல இருந்து வாரது வர எரியணும்னு நேந்திருக்கேன். நாலு மாசமா ஒண்ணு தீருமுன்ன அடுத்தத ஏத்துதேன்."

நாலு மாதம். பூட்டிய கதவின் முன் நான் நின்ற அன்றும் அது எரிந்திருக்கிறது.

கண்ணாடி இடுக்கில் கருவியைக் காட்டினேன். பூஜ்யம். மறுபடி காட்டினேன். பூஜ்யம்தான். "கசிவு இல்ல" என்றேன்.

"கசிவு இல்லேங்கியளே, பொறவு எதுக்குப் பதறுதிய?"

"இன்னைக்கு இல்ல. உப்புக் காத்துல இரும்ப நம்ப முடியாது. கசிஞ்சா நிறுத்துத வால்வும் உள்ளதான் இருக்கு."

"இத்தன நாளா ஒங்க ஆபீசுல யாரும் பாக்கலியா?"

"பாத்ததா நாந்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன். பாக்காமலே போட்டேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்ல ஆளுதான் போங்க. மாதா பாத்துக்கிட்டதால பொழச்சோம்."

புதிய திரி ஒன்றை எடுத்துவந்து, பழையதிலிருந்து பற்றவைத்து, கையால் காற்றை மறைத்தபடி தெருப்பக்க அறைக்குக் கொண்டுபோனாள். "பழச நீங்களே அணைங்க, அண்ணாச்சி" என்று உள்ளிருந்து சொன்னாள். கண்ணாடிக் கதவைத் திறந்து அணைத்தேன்.

கெபியைக் கட்டியது அவள் கொழுந்தன். கூப்பிட்டதும் உளியோடு வந்தான்.

"கொழா அசிங்கமாத் தெரியுதுன்னு மூடச் சொன்னது நீங்கதான மைனி?"

"சொன்னா அப்படியே வச்சிப் பூசிருவியாலே? ஒன் புத்தி எங்க போச்சு?"

அவள் மாதா சுரூபத்தை மார்போடு தூக்கிப் போனாள். பொறி பறக்காதிருக்கக் கெபிச் சுவரை நனைத்து, அவனை ஒவ்வொரு கல்லாக எடுக்க வைத்தேன். கருவியைக் கீழே இறக்கவில்லை. ஆறு மணிக்கு வால்வு வெளியே வந்தது. பிடியில் உப்புப் பூத்திருந்தது. முதல் தடவை திரும்பவில்லை, இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவதில் கிறீச்சிட்டு மூடிக்கொண்டது. வால்வை மாற்றும்வரை அந்த வீட்டுக்கு வாயு இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

அலுவலகத்துக்குத் திரும்பி நவம்பர் கோப்பை எடுத்தேன். அதே நாளில் பூட்டியிருந்த வீடுகள் இன்னும் நான்கு. நான்கிலும் என் டிக், என் கையெழுத்து. மேலாளரை வீட்டுக்குப் போகவிடாமல் நிறுத்தி, ஐந்தையும் அவர் முன்னால் வைத்துச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "நாலையும் போய்ப் பாருங்க. பொறவு நம்ம பேசுவோம்" என்றார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, ஆறே முக்காலுக்கு, அந்த நான்கில் முதல் வீட்டின் கதவைத் தட்டினேன்.